பிள்ளைகளோடு அலை தேடிப் போன ஏழு வருடம்

எங்கள் அப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். 2018 அக்டோபரில் நானும் வீட்டுக்காரரும் ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு அடுக்குப் படுக்கை அடித்து, கூரையில் அலைமேல் சறுக்கும் சர்ஃப் பலகைகள் மூன்றைக் கயிறு போட்டு இறுக்கி, ஐந்து வயது மகளையும் இரண்டு வயது மகனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அப்பா வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கடல்ல வெளையாடவா மக்களே உன்ன பி.காம் படிக்க வச்சேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. முழுக்கப் பொய்யான கேள்வியாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

எங்களுடையது கன்னியாகுமரி மாவட்டத்தில், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே, நீரோடிக்கு இந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். கரையோடு கொஞ்ச தூரம் போனால் பொழியூர், அது கேரளம். வீட்டுக்காரர் வர்க்கலையில் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறவர். நான் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறேன், லேப்டாப்பும் சிக்னலும் இருந்தால் எங்கேயும் ஓடும் வேலை. அலை நன்றாக இருக்கும் ஊரில் இருப்போம், அலை போனால் நாமும் போவோம், பிள்ளைகள் மணலிலேயே வளரட்டும் என்று நினைத்தோம். செல்போனில் பார்த்த வெள்ளைக்காரக் குடும்பங்களின் படங்களும் கொஞ்சம் மயக்கியிருந்தன, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

முதல் வருடம் மட்டும் ஒன்பது ஊர். வர்க்கலை, திருவனந்தபுரம் பக்கத்துக் கோவளம், மங்களூருக்கு அந்தப் பக்கம் முல்கி, கோகர்ணம், பாண்டிச்சேரி, மாமல்லபுரம், ராமேஸ்வரம், மணப்பாடு, கடைசியில் விசாகப்பட்டினம் வரை போனோம். படங்கள் அழகாக வந்தன. விசாகப்பட்டினத்தில் ஒரு சாயங்காலம் மகள் ஒரு சிறுமியோடு இரண்டு மணி நேரம் மணலில் கிணறு தோண்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்ததும், "அந்தப் பிள்ளை பேரு என்ன?" என்று சும்மா கேட்டேன். "கேக்கல" என்றாள். "ஏன் மக்களே?" "எதுக்கு? நாளைக்கு நாம போயிருவோம்லா."

அப்போது அவளுக்கு ஆறு வயதுகூட முடியவில்லை. இதைச் சொல்லும்போது முகத்தில் வருத்தமும் இல்லை. அதுதான் என்னை அன்றைக்கு ராத்திரி தூங்கவிடவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். பேர் கேட்பதையே விட்டுவிட்ட பிள்ளைக்கு என்ன சமாதானம் சொல்வது?

ஊர் ஊராகப் போவதில் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை, போன ஊருக்குத் திரும்பி வராததுதான் பிரச்சினை என்பது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. எங்கள் பக்கத்துத் தூத்தூர்க்காரர்கள் தங்கு கடலுக்குப் போய் கொச்சியிலும் மங்களூரிலும் மாதக்கணக்கில் கிடக்கிறார்கள், ஆனால் போவது அதே துறைமுகம், சாயா குடிப்பது அதே கடை, கோவில் திருவிழாவுக்கு வந்து நிற்பதும் அதே ஊர். பறவைகள் வலசை போவதும் அப்படித்தானே. அதன் பிறகு நாங்களும் ஒன்பதை மூன்றாகக் குறைத்தோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம். அந்த மாதங்களில் எங்கள் மேற்குக் கரை தென்மேற்குப் பருவமழையில் கொந்தளித்துக் கிடக்கும், அங்கேயோ காலையில் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று அலையைச் சீராக நிமிர்த்திக் கொடுக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை அந்தப் பக்கம் திரும்பியதும் நாங்கள் ஊருக்குத் திரும்புவோம். அக்டோபரிலிருந்து மே வரை வீடு எங்கள் ஊர், வேலை வர்க்கலை. வீட்டுக்காரர் வாரத்தில் ஐந்து நாள் வர்க்கலையில் இருப்பார், சனி ஞாயிறு நாங்கள் வேனில் போய்ச் சேர்ந்துகொள்வோம்.

(கோவளம் என்ற பெயரில் மூன்று ஊர் உண்டு. சென்னைப் பக்கம் ஒன்று, திருவனந்தபுரம் பக்கம் ஒன்று, கன்னியாகுமரியை ஒட்டி இன்னொன்று. மகன் ரொம்ப நாள், ஊர் மட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.)

சரி, பள்ளிக்கூடம். எல்லாரும் கேட்பது இதைத்தான், கேட்க வேண்டியதும்தான். முதல் இரண்டு வருடம் நானே சொல்லிக்கொடுத்தேன். 2020-இல் எல்லாப் பள்ளியும் மூடி, களியக்காவிளையில் கேரள எல்லையும் மூடி, நாங்கள் வர்க்கலையில் மாட்டிக்கொண்டோம். அந்த ஒரு வருடம்தான் நாங்கள் ஊரோடு ஒத்துப்போன வருடம், ஏனென்றால் ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாமே வீட்டில்தான் இருந்தன. நான் நல்ல வாத்தியார் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எனக்குப் பொறுமை இருபது நிமிடம்தான் தாங்கும்.

2021-இல் பள்ளி திறந்ததும் சேர்த்துவிட்டோம், இரண்டு பள்ளிகளில். ஜூன் தொடங்கி முதல் பருவம் கோவளத்தில், காலாண்டு விடுமுறையில் டி.சி. வாங்கிக்கொண்டு வந்து மீதி இரண்டு பருவமும் ஊரில். இரண்டும் தமிழ் வழி, ஒரே பாடநூல். தொடக்க வகுப்புகளுக்கு முப்பருவப் புத்தகம் என்பதால் முதல் பருவப் புத்தகத்தை அங்கே முடித்துவிட்டு இரண்டாம் பருவப் புத்தகத்தை இங்கே புதிதாகத் திறக்கலாம், பாடம் நடுவில் அறுவதில்லை. பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் எமிஸ் எண் ஒன்றேதான், அது பிள்ளையோடேயே வரும். என்னைப் போல யாராவது செய்வதாக இருந்தால் நான் சொல்வது ஒன்றுதான்: மாற்றத்தை விடுமுறையில் வையுங்கள். ஒரு வருடம் அலை நன்றாக இருக்கிறதென்று பத்து நாள் தள்ளிப்போட்டோம், மகளுக்குப் பின்னமும் பெருக்கலும் இடையில் எங்கேயோ விழுந்துபோய், அதைத் தூக்கி நிறுத்த அரையாண்டு வரை ஆனது. மாநில எல்லை தாண்டி மாறுவது வேறு கதை, மொழி, புத்தகம் எல்லாமே மாறிவிடும். அதனால்தான் வர்க்கலையை வார இறுதிக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

மொழி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் சொல்வோம், மலையாளத்திலும் அதேதான். மகன் சென்னைப் பக்கம் போன புதிதில் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடிப்போய், "அக்கா, வெள்ளம் வேணும், நெறைய வெள்ளம்" என்று கேட்டிருக்கிறான். 2015 வெள்ளத்தில் கட்டில் வரைக்கும் தண்ணீர் ஏறிய வீடு அது. அந்த அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாராம். இன்றைக்கும் அவனுக்கு அங்கே பெயர் வெள்ளம்தான்.

வீட்டுக்காரருக்கு ஆதர்சம் டாரியன் பாஸ்கோவிட்ஸ் என்கிற அமெரிக்க டாக்டர். வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு ஒன்பது பிள்ளைகளை ஒரு சின்ன கேம்பர் வேனில் வைத்துக்கொண்டு கடற்கரை கடற்கரையாக சர்ஃபிங் செய்தவர், ஒன்றையும் பள்ளிக்கு அனுப்பவில்லை. 2014-இல் 93 வயதில் இறந்தார். பெரியவர்களான பிறகு அந்தப் பிள்ளைகளில் சிலர், கடல் கிடைத்தது, ஆனால் படிப்பு கிடைக்காமல் போனதால் வெளி உலகத்தில் தடுமாறினோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அவர் அந்த டாக்டரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவேன். எனக்குப் பிடித்தது நம் பக்கத்துக் கேரளக் கோவளத்து சர்ஃப் கிளப்பின் சட்டம். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்குப் பலகை கிடையாது, அவ்வளவுதான். எங்கள் வேனிலும் அதுவே சட்டம் ஆனது. காய்ச்சல் என்று லீவு போட்டால் அன்றைக்குக் கடலும் லீவு. காய்ச்சல்கள் கணிசமாகக் குறைந்தன.

இனி கடல். பலகை ஏறுவதற்கு முன்னால் நீச்சல், அதில் பேச்சே கிடையாது. மகள் பலகை தொட்டது ஏழு வயதில், மகன் எட்டில். அதுவரை இடுப்பளவு தண்ணீர், அதுவும் உடைந்து நுரைத்து வரும் அலையில் மட்டும், எங்களில் ஒருவர் எப்போதும் பிள்ளைக்குக் கடல் பக்கமாக நிற்போம். கரைப் பக்கம் நின்று பிள்ளையைப் பார்ப்பவர்கள்தான் அதிகம், அது தப்பு. பிள்ளையை இழுக்கப்போவது கடல்தானே. முதல் பலகை எட்டடி நுரைப்பலகை, பழசு, 12,000 ரூபாய்க்கு வாங்கியது. பலகைக்கு அடியில் பின்னால் மீன் துடுப்பு மாதிரி இருக்கும் ஃபின் ரப்பராக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் ஃபின் தொடையைக் கிழித்துவிடும். காலையும் பலகையையும் இணைக்கும் லீஷ் கயிறு இல்லாமல் இறங்கக் கூடாது. ஒரு தடவைக்கு நாற்பது நிமிடம், உதடு நீலம் பூத்தால் அதற்கும் முன்பே வெளியே.

எல்லாவற்றுக்கும் முதலில் அப்பா சொன்ன ஒன்று. நாங்கள் ஊரில் முதல் தடவை பலகையை எடுத்துக்கொண்டு இறங்கியபோது அவர் பின்னாலேயே வந்து, "ஒரு கால் மணிக்கூர் சும்மா நின்னு பாரு, அப்புறம் எறங்கு" என்றார். இன்றுவரை பிள்ளைகள் இறங்குவதற்கு முன் பதினைந்து நிமிடம் மணலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரிய அலைகள் கூட்டமாக எத்தனை வருகின்றன, நடுவில் எவ்வளவு நேரம் அடங்குகிறது, எங்கே உடையாமல் இருக்கிறது என்று என்னிடம் சொல்ல வேண்டும். இந்த மூன்றாவதுதான் முக்கியம். இரண்டு பக்கமும் அலை உடைந்து நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, நிறம் கொஞ்சம் கறுத்து, நுரை கரைக்கு வராமல் கடலைப் பார்த்து நகர்ந்தால் அங்கே நீரோட்டம் கடலுக்குள் இழுக்கிறது என்று அர்த்தம். வெளியூர்க்காரர்கள் அதைத்தான் பத்திரமான இடம் என்று நினைத்து இறங்குவார்கள். எங்கள் ஊரில் கடலரிப்புக்காகக் கல் கொட்டிய தூண்டில் வளைவுகள் இருக்கின்றன, அந்தக் கல்லை ஒட்டி இந்த இழுவை அடிக்கடி ஓடும். இழுத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்: பலகையை விடாதே, கரையைப் பார்த்து நீந்தாதே, கையைத் தூக்கு, இழுவை விட்டதும் பக்கவாட்டில் போ.

கணக்குப் பாடமும் இந்தப் பதினைந்து நிமிடத்தில் வந்துவிட்டது. அடுத்தடுத்த இரண்டு அலை முகடுகளுக்கு நடுவில் எத்தனை நொடி என்று மகள் எண்ணுவாள். ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் பதினைந்து நொடி வந்தது. அவ்வளவு இடைவெளி இருந்தால் அது பக்கத்துக் காற்று எழுப்பிய அலை இல்லை, தூரத்திலிருந்து வந்தது. ஆழ்கடலில் அந்த அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 42 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் என்று வீட்டுக்காரர் சொன்னார், அவள் மணலில் விரலால் எழுதிப் பெருக்கினாள், ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். அப்புறம் செல்போனில் வரைபடத்தைத் திறந்து தெற்கே ஐயாயிரம் கிலோமீட்டர் அளந்து பார்த்தாள், வெறும் கடல், கரையே இல்லை. "அப்போ இது போன வெள்ளிக்கிழமை அடிச்ச காத்தா?" என்று கேட்டாள். வகுத்தல் கணக்கு அவளுக்கு அன்றைக்குத்தான் வந்தது, நான் இரண்டு வருடம் கத்தியும் வராதது.

அதே தூரத்து அலைதான் எங்களை 2024 மே முதல் வாரத்தில் அடித்ததும். கள்ளக்கடல் என்போம். வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, கள்ளன் மாதிரி சொல்லாமல் கடல் ஏறி வரும். உண்மையில் சொல்லித்தான் வந்தது, ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது, நாங்கள் கடலுக்குள் போகவில்லை. ஆனால் வேனை வழக்கமான இடத்தில், மணல் மேட்டுக்குக் கீழே நிறுத்தியிருந்தோம், ஏனென்றால் ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அங்கே தண்ணீர் வந்ததில்லை. மதியம் ஒரு அலை சக்கரம் வரை வந்தது, அடுத்தது கதவுக்குள் ஏறியது. அடுப்பு, செருப்பு, கீழ்ப்படுக்கை எல்லாம் நனைந்தன, கூடவே கீழ்ப்படுக்கைக்கு அடியில் நான் பத்திரமாக வைத்திருந்த ஃபைலும். மகளின் ஐந்தாம் வகுப்பு டி.சி., இருவரின் தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே வாரத்தில் கணபதிபுரம் பக்கத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. அதைக் கேட்ட பிறகு நான் ஃபைலுக்காகப் புலம்பியதை நிறுத்திவிட்டேன்.

ஆனாலும் ஜூனில் அந்த டி.சி. வேலையைக் காட்டியது. ஆறாம் வகுப்புக்குப் போன பள்ளியில் மை கலங்கிய காகிதத்தைப் பார்த்துவிட்டு, ஒரிஜினல் கொண்டுவந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு, டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது. அதை நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய், சண்டை பிடிக்காமல், மேசையில் வைத்தேன். பத்து நாள் ஆனது, அதற்குள் பழைய பள்ளியிலிருந்து டூப்ளிகேட்டும் வந்துவிட்டது. இப்போது எல்லாக் காகிதமும் டிஜிலாக்கரிலும் என் மெயிலிலும் ஸ்கேனாக இருக்கின்றன, அசல் அம்மா வீட்டு இரும்புப் பெட்டியில். வேனில் ஓடும் வீட்டில் காகிதம் ஓடக் கூடாது. வண்டிக் காகிதமும்தான், டி.என். 75 வண்டி கேரளத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நின்றால் மறுபதிவு கேட்பார்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. காது: கடலை விட்டு ஏறியதும் தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடித்து, வெளிக்காதைத் துணியால் ஒற்ற வேண்டும், பட்ஸ் வைத்துக் குடையக் கூடாது. மகனுக்கு இரண்டு தடவை சீழ் வைத்த பிறகு கற்றுக்கொண்டது. சொறிமீன் பட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே கழுவ வேண்டும். ஈரத்திலேயே இருக்கும் காலில் சின்னக் கீறல்கூட ஆறாது, இரண்டு நாள் கடல் கிடையாது என்று சொல்லும் தைரியம் அம்மாவுக்கு வேண்டும். சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எந்தக் கரையிலும் கிடைக்கும்.

பலகை உடைந்தால் என்ன செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஃபைபர் வள்ளம், அதாவது படகு, ஒட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், கை சுத்தமான வேலைக்காரர். மகளின் பலகையில் ஒரு சின்ன ஓட்டை, இருநூறு ரூபாயில் முடித்துவிடலாம் என்று அவரிடம் கொடுத்தோம். வள்ளத்துக்குப் போடும் ரெசினை ஊற்றினார். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டை பெரிதானது, உள்ளே இருந்த தெர்மாகோல் வெண்ணெய் மாதிரி உருகி, உள்ளங்கை போகும் அளவுக்குக் குழி விழுந்தது. வள்ளத்து ரெசின் பாலியெஸ்டர், அது தெர்மாகோலைத் தின்றுவிடும். அந்த மாதிரிப் பலகைக்கு எப்பாக்ஸிதான் போட வேண்டும். அண்ணன் மகளைப் பார்த்து, "பிள்ளே, இது வள்ளமில்லியா?" என்று கேட்டார், அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இப்போது எப்பாக்ஸி டப்பா நாங்களே வாங்கி வைத்திருக்கிறோம், ஒட்டிக் கொடுப்பது அவரேதான்.

அப்பா மெல்ல மெல்ல மாறினார். ஒரு நாள் மகள் நுரைமேல் எழுந்து நின்று கரைவரை வந்ததைப் பார்த்துவிட்டு, "இதுல என்ன பெருசு, நாங்க ஒடஞ்ச மரத்துண்டுல படுத்துக்கிட்டு வருவோம்" என்றார். மரம் என்றால் கட்டுமரம். அவர் சின்ன வயதில் அலையில் விளையாடினார் என்பதையே நான் அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

இந்த வருடம் ஏழாம் வகுப்பு. மே மாதம் மகள் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, தான் இனி நடுவில் பள்ளி மாறப்போவதில்லை, தாத்தா பாட்டியோடு ஊரிலேயே இருக்கிறேன் என்றாள். ஊர் வகுப்பில் அவளுக்கு இரண்டு தோழிகள், பேரெல்லாம் தெரிந்த தோழிகள், ஜூனில் அவர்கள் சேர்ந்து உட்காரும் பெஞ்சில் ஒவ்வொரு வருடமும் வேறு யாரோ உட்கார்ந்துவிடுகிறார்களாம். வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. எனக்கு வலித்தது, ஆனால் விசாகப்பட்டினத்து மணல் கிணறும் ஞாபகம் வந்தது. சரி என்றேன்.

இதைச் சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், 2025 ஆகஸ்ட் கடைசி. இந்த மாதம் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் போட்டி நடந்தது, கேரளக் கோவளத்துக் கரையில் வளர்ந்த ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார், மகன் தொண்டை கட்டும்வரை கத்தினான். மகளுக்கு வீடியோ அனுப்பினோம். பதிலுக்குக் காலையில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது, பின்னால் அப்பாவின் குரலும் கேட்கிறது, இங்கே கடல் அடி ரொம்பப் பெரிசு, தாத்தா எறங்கவிடல, நாங்க சும்மா பாத்துட்டு இருக்கோம் என்று. வேனில் அவளுடைய மேல்படுக்கையில் இப்போது மெழுகு டப்பாக்களும் எப்பாக்ஸியும் மகனின் நனைந்த துண்டும் கிடக்கின்றன. காலாண்டு விடுமுறைக்கு வருகிறாளாம், அதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறாள், தலையணை உறையையும் துவைக்கச் சொல்லி.